தேருக்கு ஒரு நாள் முன்னால்

ஜூலை 24, 2025, வியாழன்

விடிந்தும் விடியாமலும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினோம். நடைமேடையில் நிற்க இடமில்லை. ஆடிப்பூர உற்சவத்துக்கு இத்தனை கூட்டமா என்று நான் மலைத்து நிற்க, அத்தை அதற்குள் பக்கத்தில் பையோடு நின்றவரிடம் விசாரித்துவிட்டு வந்துவிட்டார்.

"இன்னைக்கு ஆடி அமாவாசைல்லா? பாதிப் பேரு சதுரகிரி மலைக்குப் போறவங்களாம். தாணிப்பாறைக்கு பஸ்ஸு விட்டிருக்காங்களாம். வெயில் ஏறுறதுக்குள்ள மலை ஏறிரணுமாம். அவருக்கு மக கல்யாணம் ஆவணியிலயாம்."

கடைசித் தகவலை யார் கேட்டது என்று தெரியவில்லை.

அத்தை என் அப்பாவின் அக்கா. வயது அறுபத்தொன்பது. பிறந்தது அம்பாசமுத்திரம் பக்கம். முப்பது வருடமாகச் சென்னையில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார். "ஒரு தடவை ஆண்டாள் தேரைப் பாத்துட்டா போதும்" என்று ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வருடம்தான் எனக்கு ஒத்துவந்தது. இரண்டு நாள் லீவு, கூடவே சனி ஞாயிறு.

முதல் அடி லாட்ஜில் விழுந்தது. பத்து நாளைக்கு முன்பே பணம் அனுப்பிப் பிடித்துவைத்த அறையை, மலைக்குப் போகிற ஒரு கூட்டத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். "நீங்க வருவீங்களோ மாட்டீங்களோன்னு நினைச்சோம் மேடம்" என்றான் முன்னால் உட்கார்ந்திருந்த பையன். பணம் போன குறுஞ்செய்தியைக் காட்டியதும் மூன்றாவது மாடியில் ஒரு அறை திடீரென்று காலியாயிற்று. நாளுக்கு 1,400 ரூபாய். லிப்ட் கிடையாது. குழாயில் தண்ணீர் ஒன்பது மணிக்கு மேல்தான். ஆனால் ஜன்னலைத் திறந்தால் எதிரே கோபுரம், பதினோரு நிலையும் முழுசாக. தமிழக அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று பையன் பெருமையோடு சொன்னான். மதுரையில் இதைச் சொன்னால் மறுத்துப் பேச நாலு பேர் வருவார்கள், அது வேறு கதை. அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கும்பிட்டதைப் பார்த்ததும் எனக்குச் சண்டை போடும் தெம்பு போய்விட்டது.

குளிக்காமலே சாப்பிடப் போனோம். இட்லி, வடை, இரண்டு காபி, மொத்தம் 110 ரூபாய். சாம்பாரில் காரம் தூக்கல். சாப்பிட்டு வெளியே வந்தால் எதிரே ஒரு நீளமான மதில். அதில் ஓர் அங்குலம்கூடக் காலி இல்லை. அத்தை வெற்றிலை வாங்கப் போன நேரத்தில் இடது கோடியிலிருந்து படித்துக்கொண்டே நடந்தேன்.

கண்ணீர் அஞ்சலி, வயது 84, பேரன் பேத்திகள் பெயர் நான்கு வரிசை. அதன் தோளை உரசிக்கொண்டு ஒரு காதணி விழா: காது குத்தப்போகும் குழந்தைகள் இரண்டு, கறுப்புக் கண்ணாடி போட்ட தாய்மாமன்கள் பதினொன்று. அப்புறம் இலவசக் கண் பரிசோதனை முகாம். கபடிப் போட்டி, முதல் பரிசு ரொக்கமும் ஒரு ஆட்டுக்கிடாவும். ஆடித் தள்ளுபடி. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. பூப்புனித நீராட்டு விழா. சென்னையில் நான் பதினைந்து வருடமாக இருக்கும் தெருவில் யார் செத்தார், யார் வீட்டில் விசேஷம் என்று எனக்குத் தெரியாது. இங்கே இறங்கி ஒன்றரை மணி நேரத்தில் ஒரு ஊரின் அந்த வாரம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

நடுவில் மஞ்சள் நிறத்தில் ஆடிப்பூரத் திருவிழா அறிவிப்பு. கொடியேற்றம் 20ஆம் தேதி, ஞாயிறு. தேரோட்டம் 28ஆம் தேதி, திங்கள்.

திங்கள்!

ஒன்பதாம் நாள் தேர் என்பது எனக்குத் தெரியும். கொடியேற்றம் சனிக்கிழமை என்று யாரோ சொன்னதை நம்பி, விரல் விட்டு எண்ணி, ஞாயிறு காலை தேர், ஞாயிறு ராத்திரி ரயில் என்று டிக்கெட் எடுத்திருந்தேன். திங்கட்கிழமை அலுவலகத்தில் தணிக்கைக்காரர்கள் வருகிறார்கள். லீவு என்று வாயைத் திறக்க முடியாது.

அத்தை வெற்றிலையோடு வந்தார். "என்னட்டி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" "தூக்கம் அத்தை" என்றேன்.

ராத்திரி ஐந்து கருட சேவை. இதைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். பெரிய பெருமாள், ரெங்கமன்னார், திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாள், காட்டழகர் சுந்தரராஜப் பெருமாள், திருத்தங்கல் அப்பன், ஐந்து பேரும் ஐந்து கருடன்மேல். (இந்தத் திருவண்ணாமலை தீபத் திருவண்ணாமலை இல்லை. ஊருக்கு வெளியே குன்றின்மேல் இருக்கிற பெருமாள் கோவில்.) அவர்களோடு ஆண்டாள் பெரிய அன்னத்தில், பெரியாழ்வார் சின்ன அன்னத்தில். எங்கள் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, ஒவ்வொரு பெருமாளும் வரும்போது உறவுக்காரர் வருவதைப்போல அடையாளம் சொன்னார். "இவரு காட்டுக்குள்ள இருந்து வர்றாரு. அந்தா, அவரு திருத்தங்கல்காரரு, ரொம்பத் தூரம். நாளைக்குப் போயிருவாரு." பெருமாளுக்கும் வந்துபோகிற கணக்கு இருக்கிறது. என் டிக்கெட் ஞாபகம் வந்தது.

ஜூலை 25, வெள்ளி

காலையில் டீக்கடை. டீ 12 ரூபாய். செய்தித்தாளைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். முதல் பக்கம் பெஞ்சு ஓரத்தில் காற்றில் படபடத்துக் கிடந்தது, அதை எடுக்க ஆளில்லை. மாவட்டப் பக்கத்துக்குத்தான் அடிபிடி. அது கையில் கிடைத்த பெரியவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு மற்றவர்களுக்கும் சேர்த்து வாசித்தார். முதலில் மின்தடை. எந்தத் துணை மின்நிலையம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தெந்த ஊர். வாசித்து முடித்ததும் இரண்டு பேர் எழுந்து போனார்கள், மாவு அரைக்கச் சொல்ல என்று நினைக்கிறேன். அப்புறம் தேர் செய்திகள். 28ஆம் தேதி விருதுநகர் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. ஊருக்குள் வரும் பேருந்துகள் எந்த வழியாகத் திரும்பும். இரண்டு பள்ளிக்கூடப் பையன்கள் விடுமுறைக்குக் கைதட்டினார்கள். "அதுக்குப் பதிலா ஒரு சனிக்கிழமைய எடுத்துக்கிருவாங்கடா, சந்தோசப்படாதீங்க" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்த அண்ணாச்சி.

விடுமுறை விருதுநகர் மாவட்டத்துக்கு மட்டும்தான். தாசில்தார் ஆபீசுக்கே விடுமுறை, எனக்கு இல்லை.

அங்கேதான் அத்தைக்கு விஷயம் தெரிந்தது. பெரியவர் "திங்கக்கிழமை காலையில தேரு" என்று வாசித்ததும் அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன்.

"டிக்கெட் ஞாயித்துக்கிழமைக்குல்லா போட்டிருக்க?"

"ஆமா அத்தை. தப்பா எண்ணிட்டேன்."

கடை முழுக்க அமைதி. முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். "தேரு பாக்காமலா போறீங்க?" என்று அண்ணாச்சி கேட்டதில் கோபம் இல்லை. உண்மையாகவே புரியாத குரல். கல்யாணத்துக்கு வந்து முகூர்த்தத்துக்கு முன்னால் கிளம்புகிறவளைக் கேட்பது போல. அத்தை ஒன்றும் பேசவில்லை. அது திட்டுவதைவிட மோசம்.

திங்கள் ராத்திரிக்கு ரயில் பார்த்தேன், காத்திருப்போர் பட்டியல் நூறைத் தாண்டியிருந்தது. மேலாளருக்குச் செய்தி அனுப்பினேன். ஒரே சொல்லில் பதில் வந்தது.

பத்து மணிக்கு மேல் வெயில். வெயிலோடு ஆடிக்காற்று. மேற்கே மலைமேல் கறுப்பாக மேகம் இறங்கி நிற்கிறது, ஊருக்குள் ஒரு சொட்டு கிடையாது, புழுதி மட்டும். ஆட்டோ பிடித்துச் செண்பகத்தோப்புப் பக்கம் போய்வந்தோம். போகவர 500 ரூபாய், அதிகம்தான். நேற்றுப் பார்த்த காட்டழகர் குடியிருக்கும் காடு இது. சாம்பல் நிற அணில்களுக்காக 1988இல் சரணாலயம் ஆனது. 2021இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கிவிட்டார்கள். அதனால் நினைத்த இடத்துக்கெல்லாம் போக முடியாது. அணில் கண்ணில் படவில்லை. மாங்காய் விற்ற அம்மா உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுத்த கிளிமூக்கு மாங்காய்தான் அன்றைக்கு மிச்சம்.

சாயங்காலம் அத்தை கோவிலுக்குப் போய்விட, நான் பென்னிங்டன் நூலகத்துக்குப் போனேன். 1875இல் தொடங்கியது, அந்தக் காலத்துக் கலெக்டர் ஒருவரின் பெயரில். நூற்றைம்பது வயதான நூலகம் எப்படி இருக்குமோ என்று போனால், வாசிப்பு மேஜையில் டீக்கடையில் பார்த்த அதே மாவட்டப் பக்கத்துக்கு அதே போட்டி. ஒருவர் எனக்குப் பேப்பரைத் தள்ளிவிட்டு, "தேருக்கு வந்தீங்களா?" என்று கிசுகிசுத்தார். தலையாட்டினேன். பொய்தான்.

ராத்திரி பதினொரு மணிக்கு அந்த மதிலருகே சுவரொட்டி ஒட்டுகிறவரைப் பார்த்தேன். சைக்கிள் ஹேண்டிலில் மைதாப் பசை வாளி, பின்னால் சுருட்டிய தாள்கள். தேங்காய் நார் மட்டையைப் பசையில் தோய்த்துச் சுவரில் குறுக்கே ஒரு இழுப்பு, நெடுக்கே ஒரு இழுப்பு. தாளின் மேல்முனை இரண்டையும் பிடித்து உதறி ஒட்டிவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு மறுபடி ஒரு தடவு. ஒரு சுருக்கம் இல்லை. மொத்தம் பத்து நொடி இருக்கும். புதுத் தாளை அவர் தள்ளுபடி விளம்பரத்தின்மேல் ஒட்டினார், கண்ணீர் அஞ்சலியைத் தொடவில்லை.

"எதுக்கு மேல எதை ஒட்டலாம்னு கணக்கு ஏதும் இருக்காண்ணே?"

"இல்லாமலா? சாவு நோட்டீஸ் மேல பதினாறு முடியிற வரைக்கும் கை வைக்க மாட்டேன். கல்யாணத்த மறுநாளே மூடிரலாம். கட்சி நோட்டீஸ் நம்ம ஒண்ணும் செய்ய வேணாம், அவங்களே கிழிச்சுக்கிருவாங்க."

சொல்லிவிட்டுப் பசைக் கையை வேட்டியில் துடைக்காமல், நார் மட்டையின் காம்பில் துடைத்துக்கொண்டார்.

ஜூலை 26, சனி

பால்கோவா வாங்காமல் இந்த ஊரிலிருந்து யாரும் போனதில்லை. நான் வாங்கியதைவிடப் பார்த்ததுதான் அதிகம். ஒரு சின்னக் கடையின் பின்கட்டில் விறகடுப்பு, அகலமான இரும்புச் சட்டி. இடுப்பில் துண்டு கட்டியவர் நீளக் கரண்டியால் ஓயாமல் துழாவிக்கொண்டிருந்தார். பத்து லிட்டர் பாலுக்கு ஒன்றேகால் கிலோ சர்க்கரை, வேறு எதுவும் சேர்ப்பதில்லை என்றார். பால் சுண்டிச் சுண்டிச் சட்டியின் ஓரத்தில் ஏடு படியும், அதைச் சுரண்டி நடுவுக்குத் தள்ள வேண்டும். ஒரு தடவை விட்டால் அடி பிடித்து வாசனையே மாறிவிடும். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததற்கு அப்புறம் வியாபாரம் கூடியிருக்கிறதா என்று கேட்டேன். "பேரு கூடியிருக்கு. பால் வெலையும் கூடியிருக்கு" என்றார். கால் கிலோ 90 ரூபாய். சூடாக, பூவரச இலையில் ஒரு கரண்டி வைத்துக் கொடுத்தார். சென்னையில் டப்பாவில் வாங்கித் தின்கிற கெட்டிப் பண்டத்துக்கும் இதற்கும் பெயர்தான் ஒன்று. இதில் மணல்மணலாக ஒரு பதம் இருந்தது, நாக்கில் நிற்காமல் இறங்கியது.

அன்று முழுக்க ரத வீதிகளில்தான் சுற்றினோம். தேர் ஓடப்போகும் தெரு என்பது ஓடுகிற அன்றைக்கு மட்டும் பார்ப்பதற்கல்ல. மின்வாரியக்காரர்கள் ஏணி போட்டுக் குறுக்கே போகும் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேபிள் டிவிப் பையன் ஒருவன் தன் ஒயரைத் தானே கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தான். பள்ளங்களில் ஜல்லி. கடைகளின் முன்னால் இறக்கியிருந்த தகரத்தை மடக்கச் சொல்லி நகராட்சி ஆள் கத்திக்கொண்டே போக, கடைக்காரர்கள் "செய்றோம், செய்றோம்" என்று சொல்லிக்கொண்டே சும்மா இருந்தார்கள். தேர்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு தாத்தா உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் மரச் சக்கரம், தேர் நிலைக்கு வந்துசேர நாள்கணக்காகும், நடுத்தெருவில் நிற்கும் தேருக்கு அந்தந்த வீதிக்காரர்கள் காவல் இருப்பார்கள் என்றார். இப்போது இரும்புச் சக்கரம், பிரேக் எல்லாம் வைத்துவிட்டார்கள், மதியத்துக்குள் முடிந்துவிடுகிறது. "நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு, "எங்க வீதியில ரெண்டு ராத்திரி நின்னுச்சு ஒரு வருசம்" என்றார். அந்தக் குரலில் நல்லதுதான் என்பது இல்லை.

தெற்கு ரத வீதியில் வெயில் தாங்காமல் ஒரு திண்ணையில் ஒதுங்கினோம். உள்ளிருந்து வந்த அம்மா யார் என்ன என்று கேட்காமல் ஒரு செம்புத் தண்ணீர் வைத்தார். அப்புறம்தான் கேள்விகள். ஊர், பேர், எத்தனை பிள்ளைகள், முழங்கால் வலிக்கு என்ன போடுகிறீர்கள். அரை மணியில் அத்தையும் அவரும் ஒருவருக்கொருவர் "அக்கா" ஆகிவிட்டார்கள். யார் மூத்தவர் என்பது மட்டும் முடிவாகவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து ஆண்டாளுக்குப் பட்டு வரும், அது பிறந்த வீட்டுச் சீரா புகுந்த வீட்டுச் சீரா என்று இருவரும் வெகுநேரம் பேசினார்கள். புகுந்த வீட்டுச் சீர்தான் என்று முடிவாயிற்று.

ராத்திரி கிருஷ்ணன் கோவிலில் சயன சேவை. ஆண்டாள் மடியில் ரெங்கமன்னார் தலைவைத்துப் படுத்திருக்கும் கோலம். ஒரு நொடிதான் கிடைத்தது, நெருக்கித் தள்ளிவிட்டார்கள். பக்கத்தில் புதுசாகக் கல்யாணமான ஒரு பெண், கணவன் சட்டைக் கையை விடாமல் பிடித்தபடி எக்கி எக்கிப் பார்த்தாள். வெளியே வந்து காற்று வாங்கும்போது அத்தை இடுப்பைத் தடவினார். மூக்குக்கண்ணாடிக் கூடு இல்லை.

கண்ணாடி இல்லாமல் அத்தைக்கு ரெண்டடி தூரத்துக்கு மேல் எல்லாம் கலங்கல். வந்த வழியே குனிந்துகொண்டே திரும்பினோம். பூக்கார அம்மா, செருப்புக்கு டோக்கன் கொடுத்தவர், வளையல் கடைக்காரர் எல்லோரிடமும் சொன்னோம். காவல்துறைப் பந்தலில் மைக் வைத்திருந்தவர் நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டார்: "சென்னையில் இருந்து வந்திருக்கும் வயதான அம்மா ஒருவர், பச்சை நிறக் கூட்டுடன் தனது மூக்குக்கண்ணாடியைத் தவறவிட்டுள்ளார்..." மூன்று தடவை. "வயதான அம்மாவாம்" என்று அத்தை முணுமுணுத்தார்.

ஜூலை 27, ஞாயிறு

காலையில் லாட்ஜ் டிவியைப் போட்டேன். உள்ளூர் கேபிள் சேனலில் உற்சவம் ஓடிக்கொண்டிருந்தது. அதைவிடச் சுவாரசியம் கீழே ஓடும் எழுத்து. வீடு ஒத்திக்கு. தையல் வகுப்பு. முதல் பிறந்தநாள் காணும் எங்கள் தங்கத்துக்கு. அரசு ஆஸ்பத்திரிக்கு அவசரமாக ஓ பாசிட்டிவ் ரத்தம். தேரோட்டத்தை முன்னிட்டு ரத வீதிகளில் மின்சாரம் நிறுத்தப்படும். வீடு ஒத்திக்கு, மறுபடியும். எழுத்துப் பிழைகள் உண்டு, ஆனால் வேண்டாத செய்தி என்று ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை.

எட்டு மணிக்கு டீக்கடைக்குப் போனால் அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்ததும், "கண்ணாடி கெடச்சிருச்சா?" என்றார். அவரிடம் நாங்கள் சொல்லவே இல்லை. லாட்ஜ் பையன் கேட்டான். முந்தாநாள் நூலகத்தில் பேப்பர் தள்ளியவர் சைக்கிளை நிறுத்திக் கேட்டார். கடைசியாக, மதில் பக்கம் தாளைச் சுரண்டிக்கொண்டிருந்த சுவரொட்டிக்காரர். "பூக்காரம்மாகிட்டப் போங்க. வச்சிருக்காம்."

வைத்திருந்தார். பூக்கூடைக்கு அடியில், வாழைநாரில் சுற்றி. யாரோ மிதித்ததில் ஒரு காம்பு வளைந்திருந்தது, கண்ணாடி உடையவில்லை. நான் நூறு ரூபாய் நீட்டினேன். பூக்கார அம்மா நோட்டைப் பார்த்த பார்வையில் எனக்குக் கை சுருங்கிவிட்டது. "பூ வாங்கிக்கோத்தா" என்றார். இரண்டு முழம் 60 ரூபாய். மீதிச் சில்லறையை எண்ணித் திருப்பிக் கொடுத்தார்.

கண்ணாடி வந்ததும் அத்தை நேரே தெற்கு ரத வீதித் திண்ணைக்கு நடந்தார், அந்த அக்காவிடம் செய்தி சொல்ல. (அங்கும் செய்தி முன்பே போயிருந்தது.) நான் லாட்ஜில் மூட்டை கட்டிக் கணக்கு முடித்தேன். சொன்ன வாடகைக்கு மேல் "திருவிழா நேரம்" என்று 300 சேர்த்திருந்தார்கள். வாதாடி 200 ஆக்கினேன். நான்கு மணிக்கு அத்தையைக் கூப்பிடப் போனால், அவர் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து அந்த வீட்டு முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஏட்டி, நான் வரல."

"என்ன அத்தை?"

"நீ போ. உனக்கு ஆபீஸு. எனக்கு என்ன ஆபீஸு?"

வீட்டுக்காரம்மா எனக்கு ஒரு டம்ளர் காபியை நீட்டினார். "தேரு வாசலோட போகும் தாயி. இங்கேயே படுத்துக்கிடட்டும். நாங்க ரெண்டு பேருதான இருக்கோம், அவுக இருந்தா எங்களுக்கும் பேச்சுத் துணை. புதன்கிழமை பஸ்ஸேத்தி விட்டுருதோம்."

முன்பின் தெரியாத வீடு. மாத்திரை என்ன ஆகும், ராத்திரியில் எழுந்தால் குளியலறை எங்கே, அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குள் ஓடியது. இரண்டொன்றைக் கேட்கவும் செய்தேன். அதற்குள் எதிர்வீட்டிலிருந்து ஒருவர் வந்து, "கண்ணாடி அம்மா இருக்காங்களாமே, தேருக்கு?" என்று விசாரித்தார். தெருவில் முடிவாகிவிட்ட விஷயத்தில் நான் ஒருத்திதான் பாக்கி என்று புரிந்தது. மாத்திரைப் பையை எடுத்துக் கொடுத்து, எது எப்போது என்று ஒரு தாளில் எழுதி வைத்தேன்.

ஸ்டேஷனுக்குப் போகும் ஆட்டோவுக்கு எதிரே கூட்டம் கூட்டமாக ஆட்கள் ஊருக்குள் வந்துகொண்டிருந்தார்கள். குழந்தைகள் தோளில், பாய்ச்சுருள் கக்கத்தில். ஊரைவிட்டு வெளியே போன வண்டி எங்களுடையது ஒன்றுதான் போலிருந்தது. "தேரு நாளைக்கு" என்று டிரைவர் இரண்டு தடவை சொன்னார், எனக்குத் தெரியாதோ என்று. கடைசியில் கேட்ட கூலி 150. வரும்போது 80 கொடுத்தோம்.

ஜூலை 28, திங்கள்

ரயிலில் தூங்கவில்லை. நேரே அலுவலகம்.

தணிக்கைக்காரர்கள் கேட்ட கோப்பை எடுத்து வைக்கும்போது போன் அடித்தது. அத்தையுடையது பட்டன் போன், வீடியோ எல்லாம் கிடையாது. எடுத்தால் பேச்சு இல்லை. ஒரே இரைச்சல். பிறகு மேளம். எங்கோ தூரத்தில் ஆயிரம் பேர் ஒரே மூச்சில் "கோவிந்தா!" அந்தச் சத்தம் நெருங்கி நெருங்கி வந்தது. இரும்பு கல்லில் உரசும் ஒரு நீளமான ஒலி, அதன்மேல் யாரோ "கட்டையப் போடு, கட்டையப் போடு" என்று கத்துவது. நான் போனைக் காதில் வைத்தபடி மாடிப்படியில் போய் நின்றேன். ஆறு நிமிடம் பதினொரு நொடி என்று காட்டியது பிறகு. அத்தை எனக்குக் கேட்பதற்காகப் பிடித்திருந்தாரா, கை தவறி அழுத்திவிட்டாரா, தெரியாது. ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கடைசியில் அந்த வீட்டு அம்மாவின் குரல், "அக்கா, பாத்து, படியில நில்லுங்க" என்று. கட் ஆகிவிட்டது.

ஜூலை 30, புதன்

இன்று அத்தை பேருந்து ஏற வேண்டிய நாள். எத்தனை மணி வண்டி, எங்கே வந்து நிற்கட்டும் என்று கேட்கக் கூப்பிட்டேன்.

"அதாம் சொல்லணும்னு இருந்தேன். ஞாயித்துக்கிழமை ஆடிப்பெருக்குல்லா, அதை முடிச்சிட்டு வாரேன். கண்ணாடிக் காம்பையும் சரி பண்ணணும், கண்ணு முகாம் ஒண்ணு வருது. நம்ம மூணாவது வீட்டுப் பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை வளைகாப்பு, போகாம இருந்தா நல்லாருக்காது. அப்பாட்ட சொல்லிரு."

"சரி அத்தை. நாளைக்குக் கூப்பிடுறேன்."

"நாளைக்கு காலையில கூப்பிடாத. ஒன்பதுல இருந்து அஞ்சு வரைக்கும் இங்க கரண்டு கிடையாது, போன்ல சார்ஜு நிக்காது. பேப்பர்ல போட்டிருக்கான்."